ஆற்றிக் கொடுத்த தண்ணீர்

பச்சைமுத்து அடுகோடியில் ஒரு பெட்ரோல் பங்கில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். வேலையை விட்டு வரும்போது அவரிடம் இருந்தவை மூன்று காக்கிச் சட்டைகளும் ஒரு மூக்கும்தான். மூக்கு எல்லோருக்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். அவருடையது பழக்கப்பட்ட மூக்கு. கண்ணை மூடிக்கொண்டு இது பெட்ரோல், இது டீசல், இது மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் என்று சொல்லிவிடுவார். முதலாளிக்கு இந்தத் திறமை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. லோடு வருகிற சில நாட்களில், "உனக்கு ஜலதோஷம் மாதிரி இருக்குதே, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்பார். அந்தக் காலத்தில் பச்சைமுத்துவுக்கு மாதம் இரண்டு முறை ஜலதோஷம் வந்தது.

1997இல் ஓசூர் ரோட்டை அகலப்படுத்தியபோது பங்கின் முன்பாதி ரோட்டுக்குள் போய்விட்டது. வண்டி உள்ளே வந்து திரும்ப இடமில்லாத பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூடினார்கள். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்து பம்புகளைக் கழற்றினார்கள், கூரையைப் பிரித்தார்கள், டயருக்குக் காற்றடிக்கிற மிஷினைக்கூட ஞாபகமாக எடுத்துப் போனார்கள். கண்ணில் படாததை மட்டும் விட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் மூன்று டாங்குகள் அப்படியே கிடந்தன. காலி மனைக்குக் காவலாகப் பச்சைமுத்துவும் கிடந்தார்.

அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர் கம்பெனி அந்த மனையைக் கேட்டது. பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அதுவரை அடுகோடியில் யாரும் கேட்டிராத ஒன்றையும் கேட்டது. நிலத்தடி நீர் சுத்தமாக இருக்கிறது என்று காகிதம் வேண்டுமாம். டாங்குகளை அவசரமாக கிரேன் வைத்துத் தூக்கினார்கள். இரண்டாம் டாங்கின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கிரேன்காரர் கையை விட்டே காட்டினார். ஃபைலுக்கான புகைப்படம் அந்த டாங்கின் மறுபக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அதன் பிறகு வந்ததுதான் எங்கள் கன்சல்டன்சி. எண்ணெய்க் கம்பெனிக்காக நிலத்தடி நீரைச் சோதித்து அறிக்கை கொடுக்க வந்த, மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன அலுவலகம். நான் அங்கே கம்ப்யூட்டரில் அறிக்கைகள் அடித்துக்கொண்டிருந்தேன். மனையின் நான்கு மூலையிலும் நான்கு கண்காணிப்புக் கிணறுகள் போட்டோம். கிணறு என்றால் மண்ணுக்குள் இறக்கிய ஒரு நான்கு அங்குல பிளாஸ்டிக் குழாய். மேலே இரும்பு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. போர் மிஷின் சத்தம் கேட்டதும் பின்தெருப் பெண்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களில் முதலாவதாக நின்றவர் பச்சைமுத்துவின் மனைவி சந்திரம்மா.

"மோட்டார் எப்ப வெப்பீங்க?" என்று எங்கள் இன்ஜினியர் ராகேஷைக் கேட்டார்.

"மோட்டார் எல்லாம் இல்லம்மா. இது தண்ணி எடுக்கறதுக்கு இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாக்கறதுக்கு."

"பாத்துட்டு?"

"மூடிடுவோம்."

"பாத்துட்டு மூடறதுக்குப் போர் போட்ட ஆளுங்கள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு சந்திரம்மா காலிக் குடத்தோடு திரும்பினார்.

அவர் குடத்தோடு வந்ததற்குக் காரணம் இருந்தது. மனையின் பின்சுவரை ஒட்டி ஐந்து லைன் வீடுகள். அவற்றில் இரண்டாவது பச்சைமுத்துவுடையது. ஐந்துக்கும் சேர்த்து ஒரு கிணறு. நான்கு வருடமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. அதில் சோறு வடித்தால் லாரி ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும் என்பார் சந்திரம்மா. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஓசூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார்ப்பரேஷன் குழாய்க்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுக் குடம். ரோடு அகலமான பிறகு லாரிகளின் வேகமும் கூடிவிட்டது. ஒரு காலையில் ஆட்டோ ஒன்று இடித்து சந்திரம்மாவின் குடம் சப்பையாகி, இடது முட்டியும் பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தடவை ரோட்டைத் தாண்டும்போதும் பச்சைமுத்து இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்து வீட்டுக்காரர்களும் எண்ணெய்க் கம்பெனிக்கு ஒரு மனு எழுதிப் போட்டார்கள். பதில் வந்தது. ஆய்வில் மாசு இருப்பது உறுதியானால் கம்பெனி தன் செலவிலேயே ஐந்து வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் போட்டுத் தரும் என்று அந்தக் கடிதம் சொன்னது. தொடர்ந்து நான்கு காலாண்டு ஆய்வில் ஒன்றும் இல்லையென்றால் கண்காணிப்புக் கிணறுகளை சிமென்ட் போட்டு அடைத்துவிடுவார்கள், விஷயம் முடிந்தது என்றும் சொன்னது. இரண்டாம் பத்தியைப் பச்சைமுத்து பொருட்படுத்தவில்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

"டெஸ்ட்டு வரட்டும். வந்ததும் பைப்பு வந்துடும்" என்றார் மனைவியிடம்.

அவர் அப்படி நம்பியதில் தவறில்லை. நான்கு கிணறுகளின் சாவியும் அவர் அரைஞாணில்தான் தொங்கியது. அறிக்கையில் அவருக்குக் களப் பணியாளர் என்று பட்டம் கொடுத்திருந்தோம். அவர் வீட்டுப் பக்கத்து மூலையில் இருந்த மூன்றாம் நம்பர் கிணற்றை முதல் முறை திறந்தபோது, ரோட்டில் போன ஸ்கூட்டர்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பங்கை மறுபடியும் திறந்துவிட்டீர்களா என்று விசாரித்தார்.

கயிறு கட்டிய நீளமான குழாயை இறக்கி ராகேஷ் தண்ணீர் எடுத்தார். நான்கு கிணற்றுக்கு நான்கு கண்ணாடி பாட்டில். அவற்றை அலுவலகத்து மாருதி ஆம்னியில் ஏற்றி மல்லேஸ்வரத்து லேபுக்குக் கொண்டு போக வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அதே ஆம்னிதான் மத்தியானம் எங்கள் மேனேஜர் ஞானசேகரன் சாருடைய மகள் நிக்கோலைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரும். ஒத்திகைக்காக ஒரு நாள் பாட்டில்களைக் கொண்டு வந்தபோது வண்டியெல்லாம் வாடை பிடித்து, குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். மறுநாளே மேனேஜர் ஒரு மெமோ போட்டார். மாதிரிகள் இனிமேல் வாசனை இல்லாமல் வந்து சேர வேண்டும். நான்தான் அடித்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

ராகேஷ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அடுகோடிக்குப் போனார். டிரைவர் சுந்தரம் மெமோவைவிடக் கறாரானவர்.

"சார், இந்த நாத்தத்த வண்டில ஏத்துனீங்கன்னா சாவிய இங்கேயே குடுத்துட்டு பஸ் புடிச்சிப் போயிடுவேன்."

"ஸ்வல்ப நேரம் மூடாம வெய்யில்ல வெப்போம். ஸ்மெல் போயிடும்" என்றார் ராகேஷ்.

"வெச்சா எப்ப போறது? ஆத்துங்க சார். காப்பி ஆத்தறதில்லியா?"

இதைக் கேட்டதும் பச்சைமுத்து வீட்டுக்கு ஓடி இரண்டு எவர்சில்வர் சொம்பு கொண்டு வந்தார். பாட்டிலைச் சொம்பில் கவிழ்த்தார். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, நுரை பொங்கப் பொங்க ஆற்றினார். ஒரு கிணற்றுத் தண்ணீருக்கு முப்பது ஆற்று. மூன்றாம் நம்பருக்கு மட்டும் அறுபது. ரோட்டில் போனவர்கள் புதிதாக டீக்கடை வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். ராகேஷும் சுந்தரமும் இட்லி வடை சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வாடை ஓரளவு போயிருக்கும். பிறகு பாட்டிலில் ஊற்றி, துணியால் துடைத்து, மூடி போட்டுக் கொடுப்பார். கண்ணாடி பளபளவென்று இருக்கும். தன் பைப்புக்கான தண்ணீர் என்பதால் அவர் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சந்திரம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "யோவ், நாத்தத்த எடுத்துட்டுக் குடுத்தா அவங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"நாத்தம் மூக்குக்குடி. மிஷினுக்கு எதுக்கு? உள்ள இருக்கறத அது கண்டுபுடிச்சிடும். படிச்சவங்க சொல்றாங்கன்னா சும்மாவா?"

முதல் அறிக்கை வந்தது. நான்கு கிணறு, ஒன்பது வேதிப்பொருள், முப்பத்தாறு கட்டம். முப்பத்தாறிலும் 'கண்டறியப்படவில்லை'. இரண்டாவது காலாண்டிலும் அதே. அந்த அறிக்கையில் நான் மாற்றியது தேதியை மட்டும்தான். மூன்றாவதில் தேதியையும் மாற்ற மறந்ததால் மேனேஜர் திருப்பி அனுப்பினார். அந்த வருடம் அலுவலகத்தில் அறிக்கையை யாரோ படித்ததற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

அடுகோடியில் பச்சைமுத்துவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மிஷின் இல்லை என்கிறது, மூக்கு இருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று கெட்டிருக்க வேண்டும். மிஷினைச் சந்தேகப்படுகிற அளவுக்கு அவர் படிக்கவில்லை. அதனால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் கிராம்பு, கற்பூரம், டிஞ்சர் என்று ஒவ்வொன்றாக நீட்டினார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதோடு, டாக்டரின் ஸ்கூட்டரில் பெட்ரோல் ஒழுகுகிறது என்றும் சொன்னார். டாக்டர் போய்ப் பார்த்தார், ஒழுகியது. வாசனை அறியும் திறன் சிறப்பாக உள்ளது என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் மாதம் ஒரு மத்தியானம் அந்தச் சான்றிதழோடு பச்சைமுத்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஞானசேகரன் சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"இத நான் என்னப்பா பண்ணட்டும்?"

"ஃபைல்ல வெச்சுக்கங்க சார்."

"நம்ம வேலையில மூக்குக்கெல்லாம் எடம் இல்லப்பா. லேப்ல இருக்கற மிஷின் ஜெர்மனிலேருந்து வந்தது. உன் மூக்கு எங்கேருந்து வந்தது?"

"குடியாத்தம் சார்."

மேனேஜர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. டீ சொல்லி அனுப்பினார். டீ வருகிற வரை பச்சைமுத்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். ஓரத்தில் மூன்றாம் அறிக்கை கிடந்தது.

"ஏம்மா, இத்தாம் பெரிய புக்குல என்னதான் எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லேன், கேக்கறேன்."

நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மனையின் பரப்பு, மண்ணின் வகை, மழையளவு. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். கடைசியில் பின்னிணைப்பு. மாதிரி எடுக்கும் முறை. மூன்று அறிக்கையிலும் நானே அடித்த பக்கம் அது. ஒரு முறையும் படித்ததில்லை.

"பாட்டிலை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. எடுத்த உடனே மூட வேண்டும். ஐஸில் வைத்து..."

"நில்லும்மா. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். டீ வந்தது. அவர் எடுக்கவில்லை.

"பங்குல காத்தால ஆறு மணிக்கு மேல டாங்கு மூடிய தொறக்கவே மாட்டோம்மா. வெய்யில் பட்டா பெட்ரோல் காத்தோட போயிடும். பத்தொம்போது வருசம் இத நான் மத்தவங்களுக்குச் சொல்லியிருக்கேன்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "மூணு தடவ. இந்தக் கையாலதான் ஆத்துனேன். அறுபது ஆத்து."

அந்தப் பக்கத்தை நகலெடுத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதையும் மடித்துக்கொண்டு போனார்.

நான்காவது காலாண்டு 2000 ஜனவரியில் வந்தது. அதுவும் முப்பத்தாறு 'இல்லை' என்று வந்துவிட்டால் கிணறுகளுக்கு சிமென்ட். சந்திரம்மா ஆயுசுக்கும் ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான். அன்றைக்கு ஆம்னி வந்து நின்றபோது பச்சைமுத்து வெறுங்கையோடு நின்றார்.

"எங்கப்பா சொம்பு?" என்றார் ராகேஷ்.

"இன்னிக்கி ஆத்தறதில்ல சார்." நகலை நீட்டினார்.

ராகேஷ் படித்தார். "இது யாரோட ரிப்போர்ட்?"

"உங்களுதுதான் சார். கடைசில உங்க கையெழுத்து இருக்குது."

ராகேஷ் சட்டைப்பையிலிருந்து மெமோவை எடுத்தார். வாசனை இல்லாமல் வர வேண்டும் என்றது மெமோ. மூடிக் கொண்டு வர வேண்டும் என்றது நகல். மூடினால் வாசனையும் கூடவே வரும். இரண்டுமே அலுவலகத்தின் கட்டளைகள், இரண்டையும் அடித்தது ஒரே கம்ப்யூட்டர்.

"மூடுனாலும் லீக் ஆவும் சார். ஒத்திகை அன்னிக்கி பாத்தமே" என்று சுந்தரம் ஆம்னிக்குள்ளிருந்தே சொன்னார். "பாப்பாக்கு மறுபடியும் வாந்தி வந்தா ஞானசேகரன் சாருக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ஆமா."

"வண்டிலதானே கூடாது?" என்றார் பச்சைமுத்து. "பஸ்ல கொண்டு போறேன்."

இதைப் பற்றி மெமோவில் ஒன்றும் இல்லை. ராகேஷ் அன்று கல்லூரியில் படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு வேலை செய்தார். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். குமிழி தெரிந்தால் மறுபடியும் நிரப்பினார். சந்திரம்மா மீன்காரரிடம் கெஞ்சி ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்தார். லேபுக்கான படிவத்தில் கொண்டு செல்பவர் என்ற இடத்தில் ராகேஷ் பச்சைமுத்துவின் பெயரை எழுதினார். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியை ஒயர்கூடையில் வைத்து, மெஜஸ்டிக் பஸ் நிலையம் போய், அங்கிருந்து மல்லேஸ்வரம் பஸ் பிடித்தார். கண்டக்டர் மூக்கைச் சுளித்துக் கன்னடத்தில் கேட்டார்.

"ஏன்ரீ இது, மீனா?"

"தண்ணி சார்."

"நீருகே ஐஸா?"

"டெஸ்ட்டுக்கு சார்."

"மீன் பெட்டிலி நீரு" என்று கண்டக்டர் பஸ்ஸுக்கே அறிவித்தார். பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து முன்னால் போனார். அதனால் ஐஸ் பெட்டிக்குத் தனி சீட் கிடைத்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. ஒன்றாம், நான்காம் கிணறுகளில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதில் பெட்ரோலில் இருக்கிற பென்சீன் என்ற நஞ்சு மட்டுமே அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. லேபில் முதலில் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்களாம். ஞானசேகரன் சார் ராகேஷைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கம்மா. அங்கீகாரம் இல்லாத நபர் மாதிரியைக் கையாண்டதால் இந்த முடிவு நிராகரிக்கப்படுகிறது."

எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் கேட்டேன். "சார், முன்னாடி மூணு ரிப்போர்ட்லயும் களப் பணியாளர்னு அவர் பேரு இருக்கு. அந்த மூணையும் நிராகரிச்சதா அடிக்கட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"வேணாம். எழுதினத எடுத்துடு. லேப் முடிவு அப்படியே போகட்டும்."

அப்படியே போனது. சாஃப்ட்வேர் கம்பெனி அடுகோடியை விட்டுவிட்டு வேறு பக்கம் நிலம் பார்த்துக்கொண்டது. எண்ணெய்க் கம்பெனி இன்னும் இரண்டு வருடம் கண்காணிப்பை நீட்டித்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வது யார் வேலை என்று ராகேஷ் ஒரு முறை கேட்டார். அது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்று மேனேஜர் சொன்னார். ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, இன்னும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, மூடிவிட்டு வந்தோம். பாட்டில்கள் பஸ்ஸிலேயே போயின. புதிய மெமோ அதை முறைப்படுத்தியது.

குழாய் மட்டும் தானாக வரவில்லை. பச்சைமுத்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் கம்பெனியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அலுவலக வரவேற்பறையில் போய் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. பேசக்கூட இல்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்கும்போது மட்டும், "அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்" என்பார். இருபத்தேழு திங்கட்கிழமைகள். ஆகஸ்டில் லைன் வீடுகளின் முன்னால் ஒரு குழாய் நின்றது.

திறப்பு விழாவுக்கு எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரியும், ஞானசேகரன் சாரும், கேமராவோடு ராகேஷும், குறிப்பெடுக்க நானும் போயிருந்தோம். சாயங்காலம் நான்கு மணி என்று முடிவு செய்தவர்களுக்கு அந்தத் தெருவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைதான் வரும் என்று தெரியவில்லை. அதிகாரி ரிப்பனை வெட்டினார், குழாயைத் திறந்தார். குழாய் ஒரு முறை இருமியது. அவ்வளவுதான்.

"போட்டோல தண்ணி தெரியணுமே" என்றார் அதிகாரி.

ஞானசேகரன் சார் சந்திரம்மாவைப் பார்த்தார். "அம்மா, காலைல புடிச்சது ஒரு குடம் இருந்தா குடுங்க. ஒரு நிமிஷம்தான். கீழ பக்கெட்ல ஊத்தி வெச்சு எடுத்துக்கறோம்."

"அது குடிக்க வெச்சது சார். அதுல கை வெக்க வுடமாட்டேன்" என்றார் சந்திரம்மா. "போட்டோவுக்குத்தானே? கெணத்துத் தண்ணி போதும். ஏங்க, ஒரு பக்கெட் சேந்திக் குடுங்க."

பச்சைமுத்து கிணற்றிலிருந்து ஒரு பக்கெட் நிறைய சேந்தி வந்து குழாய்க்கு அடியில் வைத்தார். நல்ல வெயில். வாடை கிளம்பியது. ராகேஷ் கேமராவை உயர்த்தினார்.

அந்தப் படம் அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. கீழே 'குடிநீர் இணைப்பு வழங்கல், ஆகஸ்ட் 2000' என்று நான் அடித்தேன். படத்தில் அதிகாரியும் மேனேஜரும் பக்கெட்டிலிருந்து நாலடி தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிறார்கள். பச்சைமுத்து ஓரத்தில் கைகட்டி நிற்கிறார். சந்திரம்மா படத்தில் இல்லை. அவர் வீட்டுக்குள் எட்டுக் குடத்தையும் வாடை ஏறாமல் ஒவ்வொன்றாகத் தட்டு போட்டு மூடிக்கொண்டிருந்தார்.